‘ரியாக்டிவ்’ என்று வந்துவிட்டது, இனி என்ன? – ஹெபடைடிஸ் சி கேள்வி பதில்

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் கொஞ்ச நாளாகவே சேர்ந்துகொண்டு வந்தன. ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதைவிட மொத்தமாக ஒரே இதழில் எடுத்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது, ஏனென்றால் நிறைய கடிதங்களில் ஒரே சிக்கல்தான் இருக்கிறது. பாதிப் பரிசோதனையோடு நின்றுவிட்டு, வியாதி வந்துவிட்டது என்று ஒருவர் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், வியாதி இல்லை என்று இன்னொருவர் நிம்மதியாக இருக்கிறார். இரண்டு பேருமே தப்பாக நினைத்திருக்கலாம். கேட்டவர்களின் பெயர், ஊர் எதையும் இங்கே போடவில்லை.

கேள்வி: ரத்த தானம் கொடுத்தேன். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு ‘ஹெச்.சி.வி. ரியாக்டிவ்’ என்று வந்திருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். எனக்கு 41 வயது, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. இணையத்தில் தேடினால் சிரோசிஸ், கேன்சர் என்று வருகிறது. தூக்கமே போய்விட்டது. எனக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது டாக்டர்?

பதில்: அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள், அதைக் கேட்கும் இடத்திலேயே நீங்கள் இல்லை. உங்களுக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது.

ஹெச்.சி.வி. என்பது ஹெபடைடிஸ் சி வைரஸ், ரியாக்டிவ் என்றால் டெஸ்ட் பாசிட்டிவ். உங்கள் ரத்தத்தில் பார்த்தது பெரும்பாலும் ஆன்டிபாடி. அதாவது வைரஸை எதிர்த்து உங்கள் உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள். வைரஸ் உள்ளே வந்தால் உடம்பு அதை உண்டாக்கும், வைரஸ் போன பிறகும் அது ரத்தத்தில் தங்கிவிடும், பல பேருக்கு ஆயுள் முழுக்க இருக்கும். அம்மைத் தழும்பைப் பார்த்து இவருக்கு இப்போது அம்மை போட்டிருக்கிறது என்று சொல்வோமா? அதே மாதிரிதான். ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு எந்த மருந்தும் இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே போய்விடுகிறது. எப்போது வந்தது, எப்போது போனது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் ரியாக்டிவ் என்றுதான் வரும். இது போக, வைரஸ் ஒருபோதும் வராதவருக்கும் டெஸ்ட் தப்பாக ரியாக்டிவ் காட்டுவது உண்டு.

ஆகவே உங்களுக்கு இப்போது வேண்டியது இரண்டாவது டெஸ்ட், ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. சில லேப்களில் பி.சி.ஆர். என்பார்கள், சிலர் வைரல் லோடு என்பார்கள். இது ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆர்.என்.ஏ. இல்லை என்று வந்தால் இப்போது தொற்று இல்லை. இருக்கிறது என்று வந்தால் தொற்று இருக்கிறது, அதற்கு மாத்திரை இருக்கிறது, 8 முதல் 12 வாரம் சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு முழுமையாகக் குணமாகிறது. குணம் என்று நான் சொல்வது கட்டுப்பாட்டில் வைப்பதை இல்லை, வைரஸே உடம்பை விட்டுப் போவதை.

நீங்கள் படித்த சிரோசிஸும், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போவதும், கேன்சரும் பொய் இல்லை. ஆனால் அவை நாள்பட்ட தொற்றை யாரும் கவனிக்காமல் விட்டால் வருபவை. அப்படி விடப்பட்டவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு சிரோசிஸ் வருகிறது, அதுவும் 20 வருஷம் போல ஆகும். உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. இந்த வாரமே போய் ஆர்.என்.ஏ. எடுங்கள், அந்த ரிப்போர்ட் வரும்வரை இணையத்தை மூடி வையுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு ஹெபடைடிஸ் சி என்று சொன்னதிலிருந்து வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், குழந்தையைத் தூக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அவர் எதுவும் சொல்வதில்லை, அறைக்குள்ளேயே இருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் குழந்தைக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ற பயமும் இருக்கிறது.

பதில்: அந்தத் தட்டையும் டம்ளரையும் இன்றைக்கே மற்றதோடு சேர்த்து வையுங்கள். குழந்தையை அவர் மடியில் கொடுங்கள்.

ஹெபடைடிஸ் சி ரத்தத்திலிருந்து ரத்தத்துக்குப் போகிற நோய். சாப்பாட்டில் பரவாது, தண்ணீரில் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, கட்டிப்பிடித்தால், முத்தம் கொடுத்தால், இருமினால், தும்மினால் பரவாது. ஒரே கழிப்பறை, ஒரே படுக்கை, ஒரே துணி துவைக்கும் மெஷின், எதிலும் பரவாது. உங்கள் மாமியார் சமைத்ததைத் தாராளமாகச் சாப்பிடலாம். இதில் ‘இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு’ என்று எதுவும் தேவையில்லை, அந்தப் பாதுகாப்பால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை, ஒரு வயதான மனுஷி மட்டும் தன் வீட்டிலேயே ஒதுக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தனியாக வைக்க வேண்டியவை ரத்தம் படக்கூடிய பொருட்கள் மட்டும்: ஷேவிங் பிளேடு, ரேஸர், நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ், சர்க்கரை பார்க்கக் குத்தும் ஊசி. இவற்றை வியாதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆளுக்கு ஒன்றாக வைப்பதுதான் சரி. கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்திரி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், அவரிடம் ஒன்று கேளுங்கள். சிகிச்சை ஆரம்பித்துவிட்டார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தட்டைப் பிரித்த வேகத்தில் மருந்தைத் தேடியிருந்தால் இன்னேரம் அவர் குணமாகியிருக்கக்கூடும். வயதானவர் என்பதால் சிகிச்சை வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள், இப்போதுள்ள மாத்திரைகளை வயதானவர்களும் நன்றாகத் தாங்குகிறார்கள்.

கேள்வி: எனக்கு 22 வயது. நண்பன் வீட்டில் ஒருத்தர் வந்து எங்கள் எல்லோருக்கும் டாட்டூ போட்டார். ஊசியை மாற்றினாரா என்று சரியாக ஞாபகம் இல்லை. மூன்று வாரம் கழித்துப் பயமாகி ஹெபடைடிஸ் சி டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். இனி பயம் இல்லைதானே?

பதில்: தம்பி, டெஸ்ட் எடுத்தது நல்ல காரியம், ஆனால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள். வைரஸ் உள்ளே வந்ததும் ஆன்டிபாடி உடனே தெரியாது, சாதாரணமாக 8 முதல் 11 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் வரும் நெகட்டிவை நம்பி உட்கார முடியாது. ஆர்.என்.ஏ. டெஸ்ட் இன்னும் சீக்கிரம் காட்டிவிடும், தொற்றிய ஒன்றிரண்டு வாரத்திலேயே வைரஸ் ரத்தத்தில் தெரியும். இப்போதே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஆர்.என்.ஏ. எடுங்கள். அது இல்லையென்று வந்தாலும், டாட்டூ போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் ஆனதும் ஆன்டிபாடி ஒருமுறை பார்த்துவிட்டால் கதை முடிந்தது.

ஊசியை மட்டும் மாற்றினால் போதாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மைக் கிண்ணத்தில் எல்லோருக்கும் தொட்டுத் தொட்டுக் குத்தினால், ஊசி புதிதாக இருந்தாலும் மை வழியாக ரத்தம் போகும். உங்களோடு அன்றைக்கு டாட்டூ போட்டுக்கொண்ட நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ஹெபடைடிஸ் பி, ஹெச்.ஐ.வி. இரண்டும் இதே வழியில் வரக்கூடியவை, ரத்தம் கொடுக்கும்போது மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கொசு கடித்தால் பரவுமா?

பதில்: பரவாது.

கேள்வி: வருஷா வருஷம் முழு உடல் பரிசோதனை செய்கிறேன். கல்லீரலுக்கான எல்.எஃப்.டி. டெஸ்ட் எப்போதும் நார்மல்தான். அப்படியென்றால் ஹெபடைடிஸ் சி இல்லை என்றுதானே அர்த்தம், தனியாக ஒரு டெஸ்ட் எதற்கு?

பதில்: அந்த அர்த்தம் வராது. எல்.எஃப்.டி.யில் வரும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. போன்றவை கல்லீரல் செல்கள் அந்த நேரத்தில் எவ்வளவு சேதமாகிக்கொண்டிருக்கின்றன என்பதைக் காட்டுபவை. ஹெபடைடிஸ் சி மெதுவாக வேலை செய்கிற வைரஸ், பல பேருக்கு இந்த எண்கள் ஏறும், இறங்கும், சிலருக்கு நார்மலிலேயே இருக்கும். உள்ளே வைரஸ் இருந்துகொண்டே இருக்கும்.

அறிகுறியை நம்பியும் இருக்க முடியாது. புதிதாகத் தொற்றியவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. மிச்சம் பேருக்குக் களைப்பு, பசியின்மை, வயிற்று வலி, சிலருக்குக் கண் மஞ்சளாவது. நாள்பட்ட தொற்றில் வரும் களைப்பை எல்லோரும் வேலைப்பளு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் சுமார் 5 கோடிப் பேர் ஹெபடைடிஸ் சி வைரஸோடு வாழ்கிறார்கள், 2022 முடிவில் அவர்களில் 36 சதவீதம் பேருக்குத்தான் தங்களுக்கு இருப்பது தெரியும். மிச்சம் பேரில் எத்தனையோ பேர் உங்களைப் போலவே நார்மல் என்று எழுதிய ரிப்போர்ட்டை வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

என் அபிப்பிராயம் இது: ஆபத்து இருந்ததா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்காமல், வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த ஆன்டிபாடி டெஸ்ட்டை எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020-லிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. நீங்கள் வருஷா வருஷம் எப்படியும் ரத்தம் கொடுக்கிறீர்கள், அடுத்த முறை இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு எப்படி வந்தது என்றே புரியவில்லை. ஊசி போட்டுப் போதை எடுத்ததில்லை, டாட்டூ இல்லை, மணவாழ்க்கைக்கு வெளியே எந்த உறவும் இல்லை. சின்ன வயதில், 1984-ல், ஒரு பெரிய ஆபரேஷன் நடந்தது, ரத்தம் ஏற்றினார்களாம். அது அவ்வளவு பழைய கதை. வீட்டில் எல்லோரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

பதில்: உங்கள் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த ஆபரேஷன் பழைய கதைதான், ஆனால் இந்த நோய்க்கு அது பழையது இல்லை.

1970-களில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. சோதித்தால் ஏ வைரஸும் இல்லை, பி வைரஸும் இல்லை. என்ன என்று தெரியாததால் ‘ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத ஹெபடைடிஸ்’ என்றே மருத்துவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். வைரஸைக் கண்டுபிடித்தது 1989-ல். ரத்தத்தைச் சோதிக்கும் முதல் டெஸ்ட் 1990 வாக்கில் வந்தது, இன்னும் நம்பகமானது 1992-ல். அதாவது 1984-ல் உங்களுக்கு ஏற்றிய ரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று உலகத்தில் எந்த மருத்துவமனையாலும் சோதித்திருக்க முடியாது. இந்த வைரஸை அடையாளம் காண வழிவகுத்ததற்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தம் ஏற்றியது மட்டும் இல்லை, ஊசிகளையும் யோசிக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சிரிஞ்சு பரவலாக வருவதற்கு முன்னால் கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள். சரியாகக் கொதிக்கவில்லையென்றால் ஒருவர் ரத்தம் அடுத்தவருக்குப் போகும். இதற்கு எகிப்தைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அங்கே நத்தைகள் வழியே பரவும் ஒட்டுண்ணி நோய் ஒன்றை ஒழிக்க 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக மக்களுக்கு நரம்பில் ஊசி போட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. சிரிஞ்சுகள் சரியாகச் சுத்தம் செய்யப்படாததால் ஹெபடைடிஸ் சி நாடு முழுக்கப் பரவி, உலகத்திலேயே இந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. ஊசி போட்டுக்கொண்ட அந்த மனிதர்கள் என்ன தப்பு செய்தார்கள்? அதே நாடு 2018-19-ல் சுமார் 5 கோடிப் பேரைச் சோதித்து, நோய் இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்து, 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தையும் வாங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

சந்தேகமாகப் பார்ப்பவர்களிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். எப்படி வந்தது என்று விசாரிப்பதால் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறப்போவதில்லை. பழைய தொற்று என்பதால் உங்களுக்குக் கல்லீரல் எந்த அளவுக்குத் தழும்பேறியிருக்கிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் இருக்கிறது, வலி இல்லாதது. அது இல்லாத இடத்தில் வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை இவற்றை வைத்தே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: நான் நர்ஸ். நோயாளிக்குப் போட்ட ஊசி என் விரலில் குத்திவிட்டது. அவருக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஹெச்.ஐ.வி.க்குக் கொடுப்பதுபோல் உடனே மாத்திரை எதுவும் இல்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான். ஹெபடைடிஸ் சி-க்குக் குத்தியவுடன் தடுப்பாகக் கொடுக்கும் மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. ஆனால் ஒரே ஊசிக்குத்தில் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு. பழைய ஆய்வுகள் 1.8 சதவீதம் என்று சொல்லின, பிறகு பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது 0.2 சதவீதம் என்றுதான் வந்தது, அதாவது ஆயிரத்தில் இரண்டு.

குத்திய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பீர்கள், பிழிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதல் 48 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஓர் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து வைத்துவிட வேண்டும், குத்துவதற்கு முன்பே இருந்ததா என்ற கேள்வி பின்னால் வராமல் இருக்க. பிறகு 3 முதல் 6 வாரத்துக்குள் ஆர்.என்.ஏ., கடைசியாக 4 முதல் 6 மாதத்தில் ஆன்டிபாடியும் ஆர்.என்.ஏ.வும். இடையில் ஆர்.என்.ஏ. இருக்கிறது என்று வந்தால் சிகிச்சையை ஆரம்பித்துவிடலாம், முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நோயாளிக்குப் பழைய ஆன்டிபாடி மட்டும்தானா, ஆர்.என்.ஏ.வும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆர்.என்.ஏ. இல்லாதவரிடமிருந்து உங்களுக்கு வர எதுவும் இல்லை. சம்பவத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டீர்களா? செய்யாவிட்டால் இன்றே செய்யுங்கள், அது உங்கள் உரிமை.

கேள்வி: ஆறு மாத கர்ப்பமாக இருக்கிறேன். எடுத்த டெஸ்ட்டில் ஹெபடைடிஸ் சி, ஆர்.என்.ஏ.வும் இருக்கிறது. ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தால் தப்பிக்குமா? பால் கொடுக்கலாமா?

பதில்: முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் பயத்தைக் கொஞ்சம் குறைக்கும். தாயின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும்போது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 6 சதவீதம் போல. நூறு குழந்தைகளில் தொண்ணூற்று நான்கு பேருக்கு வராது. தாய்க்கு ஹெச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் இது கூடும், அதனால் அந்த டெஸ்ட்டும் எடுத்திருக்க வேண்டும்.

இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, அதனால் வாய்ப்புக் குறைவதாக நிரூபணம் இல்லை. வேறு காரணத்துக்காக டாக்டர் சொன்னால் அது வேறு விஷயம். பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடம் மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள், தவிர்க்கக்கூடிய சில சின்னச் சின்ன ஊசிக்குத்துகளை அவர் தவிர்ப்பார். பால் தாராளமாகக் கொடுக்கலாம், தாய்ப்பாலில் இது பரவாது. காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கம் நிறுத்தி, பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள். மாத்திரை வழக்கமாகப் பிரசவத்துக்குப் பிறகுதான் ஆரம்பிப்பார்கள், கர்ப்ப காலத்தில் இந்த மருந்துகளைப் பற்றிய தகவல் இன்னும் போதுமான அளவு இல்லை.

குழந்தை பிறந்த பிறகு நிறைய பேர் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், ஒன்றரை வயது வரைகூட அதன் ரத்தத்தில் இருக்கும். அதற்குள் யாராவது ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் ரியாக்டிவ் என்று வரும், வீடே அழும். அது உங்களுடைய ஆன்டிபாடி. குழந்தைக்கு 2 மாதம் முடிந்த பிறகு, 6 மாதத்துக்குள், ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் சரியான பதில் தெரியும். தொற்றியிருந்தாலும் சில குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடுகிறது, போகாவிட்டால் 3 வயதிலிருந்து மாத்திரை கொடுக்கலாம்.

கேள்வி: என் கணவருக்கு இருக்கிறது. எங்களுக்குள் உடலுறவு வைத்துக்கொள்ளலாமா? எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சம் வேண்டாம், நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் மட்டும் என்று இருக்கும் ஆண்-பெண் தம்பதிகளிடையே இது பரவுவது மிக மிக அரிது. பல வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளை வைத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், அதிகபட்சம் 1,90,000 உடலுறவுகளுக்கு ஒரு தொற்று என்று கணக்கு வந்தது. உங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. மாதவிடாய் நாட்களிலும் புண் இருக்கும்போதும் ஆணுறை பயன்படுத்துங்கள். பல துணைகள் இருந்தாலோ, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே, அதிலும் ஹெச்.ஐ.வி. சேர்ந்திருந்தால், ஆபத்து இதைவிடக் கூடுதல், அவர்கள் ஆணுறையை விடக் கூடாது, இடைவெளி விட்டு டெஸ்ட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்களும் ஒருமுறை டெஸ்ட் எடுத்துவிடுங்கள், மனசு லேசாகும்.

கேள்வி: காலேஜ் நாட்களில் கொஞ்ச காலம் ஊசி மூலம் போதை எடுத்தேன். விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. மனைவிக்கும் தெரியாது. டெஸ்ட் எடுக்கப் போனால் ஏன் என்று கேட்பார்களே என்று இதுவரை போகவில்லை.

பதில்: இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியதே பெரிய விஷயம். பதினைந்து வருஷமாக விட்டிருக்கிறீர்கள், அதைப் பாராட்டாமல் மேலே போக எனக்கு மனசில்லை.

ஏன் என்று யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ‘ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி பார்க்க வேண்டும்’ என்று கேட்டாலே போதும். எல்லாப் பெரியவர்களும் ஒருமுறை எடுக்க வேண்டிய டெஸ்ட் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதுவே போதுமான காரணம். லேபுக்குப் போகவே தயக்கம் என்றால், தானே வீட்டில் செய்துகொள்ளும் டெஸ்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2021-லிருந்து பரிந்துரைக்கிறது. ஈறுகளின் ஓரத்தில் துடைத்து எடுத்தே பார்க்கலாம். ஆனால் அதுவும் ஆன்டிபாடி டெஸ்ட்தான், ரியாக்டிவ் என்று வந்தால் ஆர்.என்.ஏ.வுக்குப் போயே ஆக வேண்டும்.

இன்றைக்கும் உலகத்தில் ஹெபடைடிஸ் சி பரவும் முக்கியமான வழிகளில் ஒன்று, ஊசியையும் சிரிஞ்சையும் பகிர்ந்துகொள்வது. ஊசி மட்டும் இல்லை, மருந்து கலக்கும் கரண்டி, தண்ணீர், பஞ்சு எல்லாமே. சிரிஞ்சுக்குள் ஒட்டியிருக்கும் ரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாள்வரைகூட உயிரோடு இருந்ததை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு முறை பகிர்ந்திருந்தாலும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். இன்னும் ஊசி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் இந்த மாத்திரை வேலை செய்யும். பழக்கத்தை விட்டுவிட்டு வா, பிறகு மருந்து தருகிறேன் என்று சொல்பவரை விட்டு வேறு டாக்டரிடம் போங்கள். மனைவியிடம் சொல்வது உங்கள் விருப்பம், உங்கள் நேரம். டெஸ்ட் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: சின்ன வயதில் இரண்டு முறை மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. அது ஹெபடைடிஸ் சி-யாக மாறியிருக்குமா? தடுப்பூசி போட்டால் வராதாமே?

பதில்: ஒன்று இன்னொன்றாக மாறாது. மஞ்சள் காமாலை என்பது அறிகுறி, அதற்குக் காரணம் பல. அசுத்தமான தண்ணீர், சாப்பாட்டில் வருவது பெரும்பாலும் ஏ அல்லது இ வைரஸ், பொதுவாக வந்து போய்விடும். பி, சி இரண்டும் ரத்தத்தில் பரவுபவை, தங்கிவிடக்கூடியவை. ஏ-க்கும் பி-க்கும் நல்ல தடுப்பூசி இருக்கிறது. சி வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் அதற்குத் தடுப்பூசி இதுவரை வரவில்லை. பி தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு சி-யிலிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கேள்வி: மாத்திரை கொடுக்கப்போகிறார்கள். பக்கவிளைவு பயங்கரமாக இருக்கும், முடி கொட்டும், மனச்சோர்வு வரும் என்று ஒரு உறவினர் சொல்கிறார். அவருக்குத் தெரிந்தவர் ஒரு வருஷம் ஊசி போட்டும் குணமாகவில்லையாம்.

பதில்: உறவினர் பொய் சொல்லவில்லை, அவர் சொல்வது இன்டர்ஃபெரான் என்ற பழைய ஊசி மருந்துக் காலத்துக் கதை. ஊசி, அதோடு ரிபாவிரின் மாத்திரை, ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், அவ்வளவு கஷ்டப்பட்டும் பாதிப் பேருக்குத்தான் பலன். 2013 முடிவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. இப்போது சோஃபோஸ்புவிரோடு வெல்பட்டாஸ்விர் அல்லது டக்லட்டாஸ்விர் சேர்த்து 12 வாரம், வேறொரு கூட்டு மருந்து 8 வாரம். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் தலைவலி, கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்.

ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஹெபடைடிஸ் பி டெஸ்ட். சி போகும்போது உள்ளே அடங்கியிருந்த பி திடீரென்று கிளம்பும் ஆபத்து உண்டு, அதனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோன், வலிப்பு மாத்திரைகள், மூலிகை மருந்து, நெஞ்செரிச்சலுக்கு நாமே வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகூட. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையால் வெல்பட்டாஸ்விர் உடம்பில் சேருவது குறைகிறது, இதைச் சொல்ல நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். மது குடிப்பவராக இருந்தால் நிறுத்துங்கள், கல்லீரல் தழும்பேறுவதை அதுபோல் வேகப்படுத்துவது வேறில்லை.

கேள்வி: 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு முடித்துவிட்டேன். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் மறுபடியும் ஆன்டிபாடி ரியாக்டிவ் என்று வந்து, வியாதி இருக்கிறது என்கிறார்கள். மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: ஆன்டிபாடி குணமான பிறகும் ரியாக்டிவ்தான் காட்டும். மறுபடி மறுபடி அதை எடுப்பதில் பயன் இல்லை. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஓர் ஆர்.என்.ஏ. எடுத்தீர்களா? எடுக்கவில்லையென்றால் இப்போது எடுங்கள். அதில் வைரஸ் இல்லை என்று வந்தால் நீங்கள் குணமானவர். அந்த ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் ஒரு கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆன்டிபாடியைக் காட்டி யார் கேள்வி கேட்டாலும் நீட்டுங்கள். வேலை கொடுப்பவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: ஆர்.என்.ஏ. இல்லாதவரிடமிருந்து யாருக்கும் பரவாது, பழைய ஆன்டிபாடியை வைத்து ஒருவரின் வேலையைப் பறிப்பது அநியாயம்.

ரத்த தானம் மட்டும் இனி கொடுக்க முடியாது, ஆன்டிபாடி இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்றும் இல்லை, இந்த ஆன்டிபாடி பாதுகாப்புத் தருவதில்லை. பிறகு ஏதாவது ஆபத்து நேர்ந்தால் அப்போது நேராக ஆர்.என்.ஏ. டெஸ்ட்டுக்கே போங்கள்.

சிகிச்சைக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் சிரோசிஸ் இருந்ததா என்று உங்கள் பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள். இருந்திருந்தால், வைரஸ் போன பிறகும் கல்லீரல் கேன்சர் வரும் ஆபத்து முழுதாகப் போகாது, குறையத்தான் செய்யும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குணமாகிவிட்டதே என்று இதை விடுபவர்கள் நிறைய பேர். நீங்கள் விடாதீர்கள், அடுத்த ஸ்கேனுக்கான தேதியை இப்போதே வாங்கிவிடுங்கள்.